ராவா, ஜேபெக்கா? மண்டபத்துக்கும் ஏரிக்கரைக்கும் போகுமுன் எடுக்க வேண்டிய முடிவு

ஷட்டரை அழுத்தியதும் சென்சாரில் விழுந்த ஒளி எண்களாக மாறுகிறது. அந்த எண்களை அப்படியே எழுதி வைத்தால் அது ரா ஃபைல். கேமராவே அவற்றுக்கு நிறம் கொடுத்து, காண்ட்ராஸ்ட் ஏற்றி, கூர்மை சேர்த்து, கண்ணுக்குத் தெரியாது என்று தோன்றுவதைக் கழித்துவிட்டு எழுதினால் அது ஜேபெக். "ராவில் எடுத்தால் படம் நன்றாக வரும்" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எடுத்தவுடன் திறந்து பார்த்தால் ரா படம்தான் உப்பில்லாத குழம்பு மாதிரி இருக்கும். ரா நமக்கு வாங்கித் தருவது அவகாசம். ஒயிட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாக்கும் திருத்தம்) எவ்வளவு, நிழலை எவ்வளவு தூக்குவது, சிவப்பை எவ்வளவு அடக்குவது என்பதையெல்லாம் தாலி கட்டும் அந்த அரை நிமிடத்தில் முடிவு செய்யாமல், பிறகு நிதானமாக உட்கார்ந்து முடிவு செய்யலாம்.

ஆகவே எந்த ஃபார்மட் என்பதை எடுக்கப்போகும் இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒளி உங்கள் கையில் இருந்து, ஒரே சீராக இருந்து, படம் உடனே கைமாற வேண்டியிருந்தால் ஜேபெக். ஒளி கலப்படமாக இருந்து, அந்த நேரம் திரும்ப வராததாக இருந்தால் ரா. இரண்டும் கலந்த வேலைக்கு இரண்டையும் சேர்த்து எழுதும்படி கேமராவிடம் சொல்லலாம்.

ஃபைலுக்குள் என்ன இருக்கிறது

கோடக் நிறுவனத்தில் பணிபுரிந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான சென்சார்களின் மேல் இருக்கிறது. நான்கு பிக்சல்களில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ரா ஃபைலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஒரு நிறத்தின் அளவு மட்டும் இருக்கும். மற்ற இரண்டு நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிடுவது மென்பொருளின் வேலை. ஒயிட் பேலன்ஸும் அந்தக் கட்டத்தில்தான் சேர்கிறது. அதனால்தான் ராவில் 3200 கெல்வினில் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) எடுத்ததை 5500க்கு மாற்றினாலும் படத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. கேமராவில் நீங்கள் வைத்திருந்த ஒயிட் பேலன்ஸ் ராவைப் பொறுத்தவரை ஓரத்தில் எழுதிய குறிப்பு மட்டுமே.

ரா 12 பிட் என்றால் ஒவ்வொரு பிக்சலிலும் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384 படிகள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிகள்தான். இந்தப் படிகள் எப்படிப் பங்காகின்றன என்பதுதான் முக்கியம். ராவில் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் ஏறும். 14 பிட்டில் மிக வெளிச்சமான முதல் ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது) மட்டும் 8,192 படிகள் போய்விடும், அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்து 2,048. இப்படிப் பாதி பாதியாக இறங்கி எட்டாவது ஸ்டாப்புக்கு வரும்போது 64தான் மிச்சம். ராவிலேயே இருட்டான நிழலை ரொம்பத் தூக்கினால் கரகரப்பும் திட்டும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இடத்தில் விழுந்த ஒளியே குறைவு என்பது பெரிய காரணம். ஜேபெக் காமா வளைவைப் போட்டு 256 படிகளைக் கண்ணுக்கு ஏற்றபடி பங்கு போடுகிறது. அதில் வெளிச்சமான முதல் ஸ்டாப்புக்குச் சுமார் 70 படிகள்தான் கிடைக்கும். பார்க்க அது போதும். ஆனால் வானத்தை ஒரு ஸ்டாப் கீழே இழுத்தால் அந்த 70 படிகள் விரிந்து, நீலம் பட்டை பட்டையாகப் பிரிவது தெரியும்.

அதோடு ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் நுணுக்கமான விவரத்தைக் கரடுமுரடாக எழுதும். நிற விவரத்தைப் பல கேமராக்கள் அகலவாக்கில் பாதியாக்கிவிடும். அதனால் ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் தேயும். திறந்து பார்த்துவிட்டு மூடினால் தேயாது, சேமித்தால்தான் தேயும்.

கூரைப்புடவையும் வேட்டியும்

நம் ஊர்க் கல்யாண மேடையைவிட கேமராவுக்குக் கடினமான இடம் குறைவு. பெண் அரக்குச் சிவப்புப் பட்டில், மாப்பிள்ளை வெளுத்த வேட்டியில், இடையே சரிகை மின்னுகிறது. முன்னால் வீடியோக்காரரின் ஹாலோஜன் 3200 கெல்வினில் எரிகிறது, மேலே எல்இடி வெள்ளையாக, பின்னால் அலங்கார விளக்கு ஊதாவாக, பக்கவாட்டு ஜன்னலிலிருந்து காலை வெயில். நடுவே ஹோமப் புகை.

இதில் முதலில் அடிபடுவது சிவப்பு. மொத்த எக்ஸ்போஷர் (படத்தில் விழும் ஒளியின் அளவு) சரியாக இருந்தாலும், கேமரா ஜேபெக் செய்யும்போது காண்ட்ராஸ்டும் நிறச்செறிவும் கூட்டி எஸ்ஆர்ஜிபி என்ற சிறிய நிற வெளிக்குள் அடைக்கும். பட்டின் சிவப்பு எண் 255இல் போய் முட்டி நிற்கும். மடிப்பின் மேட்டிலும் பள்ளத்திலும் அதே 255. நெசவும் மடிப்பும் மறைந்து, புடவை சிவப்புப் பெயின்ட் அடித்த அட்டை மாதிரி தெரிவது இதனால்தான். ஜேபெக்கில் பிறகு சிவப்பைக் குறைத்தால் அட்டையின் நிறம் மாறுமே தவிர மடிப்பு திரும்ப வராது. அதே காட்சியின் ரா ஃபைலில் சிவப்புப் பிக்சல்கள் பெரும்பாலும் முட்டியிருக்காது. பகல் ஒளியில் சென்சாரின் பச்சைப் பிக்சல்கள்தான் அதிகம் நிரம்பும்; சிவப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருக்கித்தான் வெள்ளையை வெள்ளையாக்குகிறார்கள். அந்த இடைவெளியில்தான் மடிப்புகள் பத்திரமாக இருக்கின்றன. ஹாலோஜன் வெளிச்சத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. அதில் சிவப்பு நிறையவும் நீலம் குறைவாகவும் வருவதால், ராவிலேயே சிவப்பு முட்டலாம். நீலத்தைத் தூக்கும்போது கிரெய்ன்ஸ் (கரகரப்பு) கிளம்பும்.

ஆகவே பட்டுப்புடவை நெருக்கமாக வரும் படங்களுக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1/3 முதல் மைனஸ் 2/3 வரை வைத்து, மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்ற வரைபடம்) பாருங்கள். ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் சிவப்பு முட்டியதைக் காட்டிக்கொடுக்காது.

அடுத்தது வேட்டி. மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் எடுக்கும் சொட்டியை (ஐடிராப்பர் கருவியை) வேட்டியின் மேல் வைத்து அழுத்துவது பலருக்குப் பழக்கம். வெளுத்த வேட்டியில் சொட்டு நீலம் இருக்கிறது. சோப்புத்தூளின் பளபளப்பு ரசாயனமும் இருக்கிறது. இரண்டும் துணியை நீலப்பக்கம் தள்ளும். அதை நடுநிலை வெள்ளை என்று சொல்லிவிட்டால் மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்க மஞ்சளைக் கூட்டும், எல்லா முகமும் காமாலை கண்டதுபோல் வரும். மேடையில் விளக்கு மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் படத்தில் சொட்டியை வைத்து, அதே விளக்கில் எடுத்த மற்றவற்றுக்கும் ஒரே வீச்சில் போட்டுவிடலாம்.

நலங்கு வைக்கும்போது இதற்கு நேர் எதிரான சிக்கல். ஃபிரேம் முழுக்க மஞ்சளும் சாமந்தியும் இருந்தால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதை விளக்கின் மஞ்சள் என்று நினைத்து நீலத்தைக் கூட்டிவிடும். ஒரு படம் மஞ்சள், அடுத்தது சாம்பல் என்று வரிசை கலையும். ராவில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே கெல்வின் எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. ஜேபெக்கில் ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும், அப்போதும் தோல் நிறம் ஒத்துவராது.

ரா காப்பாற்றாதவை

"ராவில்தானே எடுக்கிறோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் அதிகப் படங்களைக் கெடுக்கும் எண்ணம். கேமரா திரையில் வெள்ளை மினுங்கினால் ராவில் பெரும்பாலும் இன்னும் அரை முதல் ஒரு ஸ்டாப் மிச்சம் இருக்கும். ஒரு நிறம் மட்டும் முட்டியிருந்தால் மற்ற இரண்டை வைத்து மென்பொருள் ஊகித்துக் கட்டும். மூன்றும் முட்டியிருந்தால் அங்கே தகவலே இல்லை. ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) கீழே இழுத்தால் சாம்பல் திட்டுதான் வரும்.

எல்இடி பட்டையும் இப்படித்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் வேகம் 1/250 நொடியில் எடுத்தால் படத்தின் குறுக்கே இருட்டுப் பட்டை விழும்; அதை ரா திருத்தாது. 1/100 அல்லது 1/50க்கு இறங்குங்கள், கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் இருந்தால் போடுங்கள், எலக்ட்ரானிக் ஷட்டரைத் தவிருங்கள். ஃபிளாஷின் 5500 கெல்வினும் ஹாலோஜனின் 3200ம் ஒரே முகத்தில் கலந்தால் ஒரே ஒயிட் பேலன்ஸால் இரண்டையும் சரிசெய்ய முடியாது. ஃபிளாஷின் மேல் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டி இரண்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி. ஃபோகஸ் பிசகுவதும் கை ஆடுவதும் எந்த ஃபார்மட்டிலும் போனது போனதுதான்.

திரையில் தெரிவது ரா இல்லை

கேமராவின் பின்திரையில் காண்பது ரா ஃபைலுக்குள் பொதிந்திருக்கும் ஒரு சின்ன ஜேபெக். ஹிஸ்டோகிராமும் மினுங்கும் எச்சரிக்கையும் அதிலிருந்துதான் வருகின்றன. பிக்சர் ஸ்டைலை 'விவிட்'டில் வைத்திருந்தால், ராவில் முட்டாத இடமும் முட்டியதாகக் காட்டும். நீங்களும் பயந்து எக்ஸ்போஷரைக் குறைப்பீர்கள். நிழல் முழுக்க கிரெய்ன்ஸ் வரும். ராவில் எடுப்பதானால் ஸ்டைலை 'நியூட்ரல்' அல்லது 'ஃபிளாட்' ஆக்கி, காண்ட்ராஸ்டைக் குறையுங்கள். ராவின் எண்கள் மாறாது, ஆனால் ஹிஸ்டோகிராம் உண்மைக்குப் பக்கத்தில் வரும்.

மெனுவில் எவை ராவைத் தொடும், எவை தொடாது என்று தெரிந்துகொள்வது நல்லது. கூர்மை, நிறச்செறிவு, அதிக ஐஎஸ்ஓவுக்கான நாய்ஸ் (கரகரப்பு) குறைப்பு, எஸ்ஆர்ஜிபியா அடோப் ஆர்ஜிபியா என்ற தேர்வு ஆகியவை ராவைத் தொடாது. நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பு தொடும்: கேமரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு இருட்டுப் படம் எடுத்து அதைக் கழிக்கிறது. கேனனின் ஹைலைட் டோன் பிரையாரிட்டியும் நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங்கும் எக்ஸ்போஷரையே குறைத்துவிடக்கூடியவை. ராவில் எடுக்கும்போது இரண்டையும் அணைத்துவிடுவதே நல்லது.

ரா மெனுவில் எதைத் தேர்வது

ரா ஃபைலின் பெயர் கேனனில் பழையவற்றில் சிஆர்2, 2018க்குப் பின் வந்தவற்றில் சிஆர்3, நிக்கானில் நெஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ, ஃபுஜியில் ராஃப். பெயர் எதுவானாலும் உள்ளே மூன்று வகைதான். சுருக்காதது, இழப்பின்றிச் சுருக்கியது, இழப்புடன் சுருக்கியது. 'லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு' இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஒரு பிட்கூடப் போகாது, இடம் மட்டும் மிச்சம். அது இருக்கும்போது சுருக்காத ராவுக்குக் காரணம் எதுவும் இல்லை. இழப்புடன் சுருக்கியதில் கேனனின் சி-ரா ஏறக்குறைய 40 சதவீதம் இடத்தை மிச்சப்படுத்துகிறது, வரவேற்பு நிகழ்ச்சிக்குத் தாராளமாகப் போதும். பல ஸ்டாப் நிழலைத் தூக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பழைய சோனி கேமராக்களின் சுருக்கிய ராவில் நட்சத்திரக் கோடு மாதிரி இருட்டும் வெளிச்சமும் ஒட்டி நிற்கும் ஓரங்களில் அழுக்குப்போல ஒரு தடம் விழும். இரவு வானம் எடுப்பவர்கள் அதில் மட்டும் சுருக்காததை வைத்துக்கொள்ளலாம்.

பிட் தேர்வு இருந்தால் 14. தொடர் படம் எடுக்கும்போதோ எலக்ட்ரானிக் ஷட்டரிலோ சில கேமராக்கள் சொல்லாமலே 12க்கு இறங்கிவிடும்; கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கேனன்களில் உள்ள எஸ்-ரா, எம்-ரா ஆகியவை பெயருக்குத்தான் ரா. சென்சார் எண்களைக் கணக்கிட்டுச் சிறிதாக்கி எழுதியவை அவை. முக்கியமான வேலைக்கு வேண்டாம்.

ஜேபெக்தான் சரி என்ற இடங்கள்

பாஸ்போர்ட் படம், பள்ளி அடையாள அட்டை, கடைப் பொருட்களை வெள்ளைப் பின்னணியில் வரிசையாக எடுப்பது, மண்டபத்து வாசலிலேயே பிரின்ட் போட்டுக் கொடுக்கும் மேசை. இவற்றில் விளக்கு நகராது, தூரம் மாறாது. முதல் படம் சரியென்றால் நூறாவதும் சரி. இங்கே ரா எடுப்பது நேரத்தை வீணாக்குவது.

செய்திப் படத்துக்கும் ஜேபெக்தான். 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், ராவிலிருந்து மாற்றிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமரா தந்த ஜேபெக்கையே அனுப்புங்கள் என்று தன்னோடு பணிபுரியும் சுயாதீனப் படக்காரர்களிடம் சொன்னது. வேகமும், படத்தில் கைவைக்கவில்லை என்ற நம்பகமும்தான் காரணங்கள். மறுபக்கம், வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருபவர்கள் கேமராவில் பதிவான மூல ஃபைலைக் காட்ட வேண்டும். செய்தித் துறையில் இருப்பவர் இரண்டையும் எழுதவைத்து, ஜேபெக்கை அனுப்பிவிட்டு ராவைப் பத்திரப்படுத்துவது இரண்டுக்கும் பொருந்தும்.

ஜேபெக்கில் எடுப்பவர் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப்புக்குள் சரியாக வைக்க வேண்டும். பழைய ஸ்லைடு ஃபிலிமுக்குத் தேவைப்பட்ட அதே கவனம். அளவு 'லார்ஜ்', தரம் 'ஃபைன்'. நிக்கானில் நட்சத்திரக் குறி போட்ட ஃபைனைத் தேர்ந்தெடுங்கள். ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் வேண்டாம். சாம்பல் அட்டையை வைத்து கஸ்டம் எடுங்கள், இல்லையென்றால் கெல்வின் எண்ணைக் கொடுங்கள்: ஹாலோஜனுக்கு 3200, வெயிலுக்கும் ஃபிளாஷுக்கும் 5500, நிழலுக்கு 7000. அட்டைக்குப் பதில் ஏ4 தாளைப் பிடிக்காதீர்கள். அதிலும் வேட்டியில் உள்ள பளபளப்பு ரசாயனம் உண்டு. காண்ட்ராஸ்டையும் கூர்மையையும் ஒரு படி குறைத்து வைத்தால் பிறகு திருத்தக் கொஞ்சம் இடம் கிடைக்கும். கூட்டுவது எளிது, எடுத்துப்போட முடியாது.

ஏரிக்கரையில் கார்டின் வேகம்

பறவைக்காரர்களுக்குச் சிக்கல் வேறு. வேடந்தாங்கலில் கூழைக்கடா இறங்கும் இரண்டு நொடிக்காகத்தான் விரல் ஷட்டரில் காத்திருக்கிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் இழப்பின்றிச் சுருக்கிய ரா ஒன்று சுமார் 28 எம்பி. நொடிக்குப் பத்துப் படம் என்றால் 280 எம்பி. யுஹெச்எஸ்-1 கார்டு கேமராவுக்குள் என்னதான் செய்தாலும் நொடிக்கு 104 எம்பியைத் தாண்டாது, அது காகிதக் கணக்கு. எழுதும் வேகம் இன்னும் குறைவு. மிச்சம் கேமராவின் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தேங்கும். பஃபர் நிரம்பியதும் பத்துப் படம் எடுத்த கேமரா ஒன்றிரண்டுக்கு இறங்கித் திணறும், பறவை தண்ணீரைத் தொட்டு முடித்திருக்கும். தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர் சிலவற்றில் ரா பத்துப் பன்னிரண்டு படத்திலேயே பஃபர் நிரம்பும், ஜேபெக்கில் நூறைத் தாண்டும்.

அப்படியானால் ஜேபெக்கா என்றால், வெள்ளைக் கொக்கு இருக்கிறதே. இருண்ட தண்ணீருக்கு முன்னால் வெண்மையான இறகு என்றால் கேமராவின் ஒளிமானி தண்ணீரைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும், இறகின் வரி முழுக்க பர்ன் ஆகிவிடும். இறகுக்காக ரா வேண்டும், பறத்தலுக்காக வேகம் வேண்டும். முதலில் ரா மட்டும் எழுதுங்கள். ரா கூட ஜேபெக் சேர்ப்பதுதான் பஃபரை மிக விரைவில் நிரப்பும். அடுத்து சி-ரா மாதிரி சுருக்கிய வகை. அடுத்து உங்கள் கேமரா ஏற்கும் மிக வேகமான கார்டு. விரலை அழுத்திப் பிடிக்காமல் மூன்று நான்கு படமாக விட்டு விட்டு அழுத்தினால் பஃபருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். வெள்ளைப் பறவைக்கு மைனஸ் 2/3 முதல் மைனஸ் 1 வரை காம்பன்சேஷன்.

கணினியில் திறந்ததும்

புதிதாக ராவுக்கு வருபவர்களைக் கலங்கடிப்பது ஒன்று உண்டு. அடோபின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் படத்தைத் திறந்ததும் முதல் நொடி அழகாகத் தெரியும், அடுத்த நொடி சோகையாக மாறிவிடும். முதலில் தெரிந்தது உள்ளே பொதிந்த ஜேபெக். பிறகு தெரிவது மென்பொருள் தன் போக்கில் செய்தது. எதுவும் கெடவில்லை. புரொஃபைல் பட்டியலில் 'கேமரா ஸ்டாண்டர்டு' அல்லது 'கேமரா போர்ட்ரெய்ட்' தேர்ந்தெடுத்தால் கேமராவின் நிறத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். காசு கொடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு டார்க்டேபிளும் ரா தெரபியும் இருக்கின்றன. இரண்டும் முழுத்திறனுள்ளவை, கற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

வரிசை முக்கியம். புரொஃபைல், பிறகு ஒயிட் பேலன்ஸ், பிறகு எக்ஸ்போஷர், அதன்பின் ஹைலைட்ஸ், ஷேடோஸ், கடைசியில் தனி நிறம். ஒயிட் பேலன்ஸை மாற்றினால் சிவப்பின் அளவும் மாறும் என்பதால், முதலில் சிவப்பை அடக்கிவிட்டுப் பிறகு கெல்வினைத் தொட்டால் இரண்டு வேலை. பட்டுப்புடவைக்கு நிறப் பகுதியில் சிவப்பின் சேச்சுரேஷனை மைனஸ் 10 முதல் 20, லூமினன்ஸைக் கொஞ்சம் கீழே. மடிப்பு எழும்பி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹோமப் புகைக்கு டீஹேஸ் பத்துப் பதினைந்துக்கு மேல் போகாதீர்கள், முகம் கறுத்துவிடும்.

புதுக் கேமராவின் ராவைப் பழைய மென்பொருள் திறக்காது. சிஆர்3 வந்தபோது பழைய லைட்ரூம் வைத்திருந்த பலருக்கும் இந்தச் சிக்கல் வந்தது. அடோப் இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் போட்டு டிஎன்ஜி என்ற பொது ரா ஃபார்மட்டாக மாற்றினால் பழையதிலும் திறக்கும். கேமரா வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்துத் திறந்து பாருங்கள்.

ராவில் செய்யும் திருத்தம் ஃபைலுக்குள் போகாது. லைட்ரூமின் கேட்டலாகிலோ, பக்கத்தில் உட்காரும் எக்ஸ்எம்பி என்ற சின்ன ஃபைலிலோ இருக்கும். ஃபோல்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று எக்ஸ்எம்பியை அழித்தால் இரண்டு வார வேலை போய்விடும். போட்டோஷாப்புக்கு எடுத்துப் போவதானால் 16 பிட் டிஃப் அல்லது பிஎஸ்டி. 24 மெகாபிக்சலுக்கு ஒரு டிஃப் 144 எம்பி வரும் என்பதால், உண்மையிலேயே தேவைப்படும் படங்களுக்கு மட்டும்.

ஆல்பம் லேபுக்கு எப்படியும் ஜேபெக்தான் போகப்போகிறது. 12×36 இன்ச் விரிப்புக்கு 300 டிபிஐ என்றால் 10,800×3,600 பிக்சல். 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தை முழு விரிப்புக்கும் போட்டால் 167 டிபிஐதான் கிடைக்கும். கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்துக்கு ஏற்கத்தக்கது, ஆனால் அதற்குமேல் கிராப் செய்ய இடமில்லை. நிற வெளி எஸ்ஆர்ஜிபி, தரம் 90க்கு மேல். அடோப் ஆர்ஜிபியில் அனுப்பினால், அதைக் கவனிக்காத லேபில் புடவையும் முகமும் வெளிறி வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அளவைக் குறைத்து மறுபடி சுருக்கும். வீட்டாருக்கு அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

மொபைலும் ஹெச்இஐஎஃப்பும்

மொபைலில் சாதாரண கேமரா ஒரு படத்துக்குப் பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாக்குகிறது. புரோ மோடில் டிஎன்ஜி எடுத்தால் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் ஒரே ஒரு ஃபிரேம்தான் கிடைக்கும், குட்டிச் சென்சாரின் கிரெய்ன்ஸ் அத்தனையோடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஃபோனின் ஜேபெக்கே அதைவிட நன்றாக இருக்கும். ஐபோனின் புரோரா, ஃபிரேம்களை ஒன்றாக்கியபின் எழுதுவது. 12 மெகாபிக்சலுக்குச் சுமார் 25 எம்பி, 48க்குச் சுமார் 75 எம்பி. வானமும் கடலும் எடுக்கப் பயன்படும், பிறந்தநாள் கேக்குக்கு வேண்டாம்.

ஹெச்இஐஎஃப் என்பது ஜேபெக்குக்குப் பதிலாக வந்த புதிய ஃபார்மட். 10 பிட்டையும் தாங்கும், ஜேபெக்கைவிடச் சிறியது. லேபும் வாடிக்கையாளரின் பழைய கணினியும் திறக்காமல் போகும் என்பதால், கைமாறும் வேலைக்கு இன்னும் ஜேபெக்கே பாதுகாப்பு.

இடக் கணக்கு

இரண்டு நாள் கல்யாணத்தில் 3,000 படம் என்று வைத்துக்கொள்வோம். ரா மட்டும் 84 ஜிபி. ஃபைன் ஜேபெக் ஒன்று 10 எம்பி என்றால் 30 ஜிபி. இரண்டும் சேர்த்து 114 ஜிபி; 64 ஜிபி கார்டு இரண்டு வேண்டும். இரண்டு டிஸ்க்கில் வைக்கும்போது ஒரு டிபி டிஸ்க் ஜோடியில் எட்டுக் கல்யாணம் அடங்கும். இந்தச் செலவை விலை பேசும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கார்டு போடும் கேமராவில் ஒன்றில் ரா, மற்றதில் ஜேபெக் என்று பிரித்தால் கார்டு ஒன்று செத்தாலும் படம் மிஞ்சும், ஆனால் செத்தது ரா கார்டாக இருந்தால் கையில் ஜேபெக் மட்டும். முகூர்த்த நேரத்துக்கு மட்டுமாவது இரண்டு கார்டிலும் ரா எழுதவையுங்கள்.

ரா கூட ஜேபெக் எடுத்தவர்கள் காப்பி செய்யும்போது சறுக்குவது ஓர் இடத்தில். ஃபோல்டரில் படமாகத் தெரிகிறவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இழுத்துவிடுவார்கள். ஐகானாக மட்டும் தெரியும் ரா கார்டிலேயே தங்கிவிடும், அடுத்த நிகழ்ச்சிக்கு கார்டை ஃபார்மட் செய்யும்போது போய்விடும். ஃபோல்டரை முழுதாக இழுங்கள். ஃபைல் எண்ணிக்கையும் மொத்த ஜிபியும் கார்டிலும் டிஸ்க்கிலும் ஒன்றா என்று பாருங்கள். இரண்டாவது டிஸ்க்கிலும் அதே எண்ணிக்கை வந்தபின், முதல், நடு, கடைசி ரா ஃபைல்களைத் திறந்து நூறு சதவீதத்தில் பார்த்துவிட்டு, கணினியில் அல்லாமல் கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.